நாலாவது வரிக்குப் பிறகு

வண்டியைத் தர மாட்டேன் என்று மூன்று பேரிடம் சொன்னேன். பள்ளிக்கூட மேலாளரிடம் நின்றுகொண்டு சொன்னேன். பழைய இரும்பு எடுப்பவரிடம் ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து சொன்னேன். கொழுந்தனிடம் மட்டும் சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னேன். அதனால் அவர் நம்பவில்லை.

அது புல் வெட்டுகிற தோட்டத்து டிராக்டர். ஒரு ஆள் உட்கார்ந்து ஓட்டுவது. வயலில் ஓடும் டிராக்டர் பக்கத்தில் நிறுத்தினால் அதன் பேரன் மாதிரி இருக்கும். முன்னால் ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், வயிற்றுக்கு அடியில் மூன்று பிளேடு சுற்றுகிற தகரத் தட்டு, அதைச் சுற்றிவிட ஒரு நீளமான பெல்ட். உபயோகமில்லை என்று பள்ளிக்கூடம் கழித்துப் போட்டதை என் வீட்டுக்காரர் எழுதி வாங்கிக்கொண்டார். சரிபண்ணி, அதே பள்ளிக்கூடத்து மைதானத்தை அதே வண்டியை வைத்து இருபத்திரண்டு வருஷம் வெட்டினார். அந்த வேலைக்காகத்தான் மைதானத்தின் பின்மூலையில் எங்களுக்கு இரண்டு அறையும் ஒரு ஷெட்டும் விட்டிருந்தார்கள். வேலை போனால் அறை போகும். அறை போனால் நான் கொழுந்தன் வீட்டுக் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் பாய் விரிக்க வேண்டும். அவர்கள் நல்லவர்கள். அதுதான் எனக்குப் பயம்.

எங்களுக்குள் அந்த வண்டிக்குப் பெயர் மாமனார். வைத்தது அவர்தான். "உங்கப்பா மாதிரியேதான். எந்திரிக்கும்போது நாலு இருமல், ஒரு கனைப்பு. எந்திரிச்சிட்டா ஊரையே சுத்திட்டு வந்துருவாரு." என் அப்பா உயிரோடு இருந்தபோதே வைத்த பெயர். அவருக்கும் தெரியும். ஒருமுறை எங்களைப் பார்க்க வந்தவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "மாப்பிள்ளை, எனக்கு இவ்வளவு எண்ணெய் ஒழுகாது" என்றார்.

நாற்பது தாண்டியதும் அவருக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது. கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். எண்ணெய்க் கையால் துடைத்துத் துடைத்து ஒரு மாதத்தில் அதன் வழியாகச் சூரியனைப் பார்க்கலாம் போல ஆக்கிவிட்டார். பிறகு நானே கண்ணாடியானேன். வண்டியோடு வந்த புத்தகத்தை மடியில் வைத்து, கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து வாசிப்பேன். அவர் வண்டிக்கு அடியில் கிடப்பார். எனக்குத் தெரிவது இரண்டு கால். சரி என்றால் "ம்" என்று சத்தம் வரும். வேண்டாம் என்றால் "கிடக்கட்டும், அடுத்தது." இப்படியே பிளக்குக்கு எவ்வளவு இடைவெளி, எஞ்சினுக்கு எவ்வளவு எண்ணெய், பெல்ட் எந்த உருளையைச் சுற்றி எந்தப் பக்கம் போகும் என்று எல்லாம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. கைக்குத்தான் ஒன்றும் தெரியாது.

அந்தப் புத்தகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் நின்றால் என்ன பார்க்க வேண்டும் என்று ஒரு பக்கம் உண்டு. ஒன்று, பெட்ரோல் இருக்கிறதா. இரண்டு, பிளக். மூன்று, காற்று ஃபில்டர். நாலு, கார்புரேட்டர். நாலாவது வரியை வாசித்து முடிப்பதற்குள் அடியிலிருந்து, "போதும்மா, புடிச்சுட்டேன்" என்று வந்துவிடும். நிஜமாகவே பிடித்திருப்பார். பக்கத்தின் கீழ் மூலையில் மறுபக்கம் பார்க்கச் சொல்லி ஒரு அம்புக்குறி இருந்தது. அதை மதிக்க எங்களுக்கு ஒருநாளும் அவசியம் வந்ததில்லை.

அவருக்கு முதுகு பிடித்துக்கொள்கிற நாட்களில் நான் ஓட்டியிருக்கிறேன். அவர் சட்டை, அவர் தொப்பி. தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வேலை அவர் பெயரில் இருந்ததால் இப்படி ஒரு வேஷம். பள்ளிக்கூடத்தில் இது தெரிந்தவள் கேட்டில் காவல் இருந்த அக்கா ஒருத்திதான். மணி அடிப்பதும் அவள்தான். எனக்கு அவள் கேட்டக்கா. நான் தொப்பியோடு கேட்டைத் தாண்டிப் போனால் எழுந்து நின்று சலாம் வைத்து, "ஐயாவுக்கு இன்னிக்கு இடுப்பு கொஞ்சம் பெருத்திருக்கே" என்பாள்.

அவர் போனது ஒரு புதன்கிழமை. நெஞ்சு. மைதானத்தில் பாதி வெட்டியிருந்தார். சரிவதற்கு முன்னால் பிளேடு லீவரை விடுவித்து, சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்திருக்கிறார். மருத்துவமனையில் என்னென்னவோ சொன்னார்கள். எனக்கு மனசில் நின்றது அந்த லீவர்தான். ஆள் விழுந்துகொண்டிருக்கும்போதும் பிளேடு சும்மா சுற்றக்கூடாது என்று நினைத்த கை.

வெட்டிய பாதிக்கும் வெட்டாத பாதிக்கும் நடுவில் ஒரு கோடு நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் வளர்ந்தாலும் கோடு போகவில்லை, ஒரு படி மாதிரி மைதானத்தின் குறுக்கே கிடந்தது. என் சமையலறை ஜன்னல் அதற்கு நேர் எதிரே.

மூன்று வாரம் ஒரு வேலையும் ஓடவில்லை. வீட்டுக்குள் இருக்க முடியாமல் ஷெட்டில் போய் உட்கார்ந்திருந்தேன். அலமாரியில் ஒரு டின் பச்சை பெயின்ட், மூடி பிரிக்காமல். "அடுத்த லீவுல அடிச்சுடலாம்" என்று நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். பானெட், மட்கார்டு, சீட்டுக்கு அடி, பெட்ரோல் டேங்க், டேங்க் மூடி, கையில் பட்ட எதையும் விடவில்லை. இரண்டு பூச்சு. நாலாம் நாள் வெயிலில் தள்ளி நிறுத்தினேன். கேட்டக்கா வந்து பார்த்தாள்.

"என்ன தங்கம், மாமனாருக்கு மறுபடி கல்யாணமா?"

அவர் போனபிறகு நான் முதல்தடவையாகச் சிரித்தது அதற்குத்தான்.

மறுவாரம், கோட்டைத் தொடாமல் மைதானத்து ஓரத்திலிருந்து வேலைக்கு இறங்கினேன். வண்டி இருமி, கனைத்து, எழுந்தது. இருபது நிமிஷம் ஓடியது. பிறகு சத்தம் மெலிந்து, இரண்டு தடவை தட்டுத் தடுமாறி நின்றுவிட்டது. இறங்கி டேங்க் மூடியைத் திறந்தேன், பெட்ரோல் இருந்தது. மூடினேன். அரைமணி காத்திருந்து சாவியைத் திருப்பினேன், எழுந்தது. மறுபடி இருபது நிமிஷம். மறுபடி நின்றது. மூன்றாம் தடவை கேட்டக்கா தன் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னாள்: "பாதி பீரியட்ல தூங்குற பையன் மாதிரி இருக்கு."

மேலாளரின் அறை மாடியில், மைதானத்தைப் பார்த்தபடி இருந்தது. எதைச் சொன்னாலும் 'நாங்க' என்றுதான் சொல்வார். அறையில் அவர் ஒருவர்தான் இருப்பார்.

"நாங்க பார்த்துக்கிட்டுத்தான் இருக்கோம்மா. வண்டிக்கு வயசாயிருச்சு."

"நமக்கும் ஆயிருச்சு, சார். வேலைக்கு வராம இருக்கோமா?"

அவர் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார், மாட்டினார். "விளையாட்டு விழா வருது. நின்னு நின்னு வெட்டுற வண்டியை நம்பி நாங்க எப்படி இருக்கிறது? புல் வெட்டுற கம்பெனி ஒண்ணுகிட்ட சும்மா விசாரிச்சோம். புது மெஷின், அவங்களே ஆளும் போடுவாங்க."

"அவங்க ஆளுக்கு அறை வேணுமா?"

"அந்த அறைகளை விளையாட்டுச் சாமான் வைக்க எடுத்துக்கலாம்னு ஒரு யோசனை."

"அப்ப யோசனை எல்லாம் முடிஞ்சுதான் என்னைக் கூப்பிட்டீங்க."

"கோவப்படாதீங்க. ஓட்டறது யாருன்னும் ஒரு கேள்வி இருக்குல்ல?"

"ஓட்டுறது நான்."

"வண்டி?"

"அதைத் தர மாட்டேன். சரி பண்ணிடுவேன்."

அவர் ஜன்னல் வழியே மைதானத்தைப் பார்த்தார். "வர்ற வாரம் வெள்ளிக்கிழமை. காலையில ஆறு மணிக்கு ஆரம்பிச்சு முதல் மணி அடிக்கிறதுக்குள்ள மைதானம் முழுக்க, நிக்காம வெட்டிக் காட்டுங்க. நடுவுல நின்னா அன்னைக்கே கம்பெனி வண்டி உள்ள வரும்."

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வந்தார். பஸ் டிப்போவில் ஃபிட்டர். அண்ணனைவிடப் பெரிய எஞ்சின்களைப் பார்க்கிறவர் என்று அவருக்கு எப்போதுமே ஒரு நினைப்பு உண்டு. நீள ஸ்க்ரூடிரைவரை எஞ்சின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து டாக்டர் மாதிரி கேட்டார். வண்டி அவர் காதிலேயே நின்றது.

"பிஸ்டன் ரிங் தேஞ்சு போயிருச்சு, அண்ணி. சூடானதும் கம்ப்ரஷன் நிக்க மாட்டேங்குது. ஆறினா கொஞ்சம் ஓடும், அவ்வளவுதான்."

"பஸ் வேற, இது வேற, தம்பி."

"எஞ்சின்னா எஞ்சின்தான். இதுக்கெல்லாம் இனிமே சாமான் எங்க தேடுவீங்க? பேசாம கிளம்பி வாங்க. உங்க இடம் அங்க காலியாத்தான் இருக்கு."

"டிவி பக்கத்துல."

"டிவியை வேணும்னா நகர்த்திக்கலாம், அண்ணி."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை பழைய இரும்புக்காரரை அனுப்பி வைத்ததும் நல்ல எண்ணத்தில்தான். தள்ளுவண்டி வாசலில் வந்து நிற்கிற சத்தம் கேட்டதுமே நான் ஷெட் கதவைச் சாத்தினேன்.

"அம்மா, உங்க தம்பி சொல்லி வந்தேன்."

"எந்தத் தம்பி?"

"பஸ் டிப்போ தம்பி."

"அவரையே எடைக்குப் போட்டு எடுத்துக்கிட்டுப் போங்க."

"பார்த்தேம்மா. எடை பத்தாது" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். நல்ல மனுஷன்.

எஞ்சின் சூடாகிறது என்று கொழுந்தன் சொன்னதை அப்படியே தள்ளிவிடவும் முடியவில்லை. எங்கள் எஞ்சின் தண்ணீரில் குளிர்வதில்லை, காற்றில் குளிர்வது. சிலிண்டரைச் சுற்றிச் சீப்புப் பல் மாதிரி தகடுகள் இருக்கும். மேல் தகரத்தைக் கழற்றினேன். தகடுகளுக்கு நடுவில் காய்ந்த புல் துணி மாதிரி இறுகிப் போயிருந்தது. குச்சியால் கிளறி, பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். பழையது என்ன, அவருடையதுதான். குவளையிலேயே இருந்தது, எடுத்துப்போட மனம் வராமல். இந்த வேலைக்கு என்றால் அவரே கொடுத்திருப்பார். சுத்தமாக்கி மாட்டினேன். இருபது நிமிஷம், நின்றது.

நின்ற கையோடு பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். காய்ந்து போயிருந்தது. சுத்தமாக, எலும்பு மாதிரி. இத்தனை வருஷம் வாளி மேல் உட்கார்ந்து கேட்டதில் எனக்கு ஒன்று தெரியும்: பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. ரிங் போன எஞ்சினில் பிளக் எண்ணெயில் நனைந்து கறுப்பாக இருக்கும். உடனே கொழுந்தனுக்குப் போன் போட்டேன்.

"பிளக் காஞ்சிருக்கு, தம்பி. ரிங் இல்ல."

"யாரு சொன்னது அண்ணி?"

"உங்க அண்ணன்."

சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

புதன்கிழமை முழுக்க கார்புரேட்டர். ஒவ்வொரு திருகையும் கழற்றிய வரிசையில் ஒரு தட்டில் வைத்தேன். சின்னத் துளைகளை ஊதினேன். திரும்பப் பூட்டும்போது நடுவில் வைக்கும் அட்டையைத் தலைகீழாக வைத்துவிட்டேன், பெட்ரோல் முழங்கையில் வழிந்தது. மறுபடி கழற்றினேன். மறுபடி பூட்டினேன். வியாழக்கிழமை காலையில் ஓட்டினேன். கேட்டக்கா இந்தத் தடவை கடிகாரத்தைப் பார்க்கவேயில்லை. நின்றதும் உள்ளே போய் எனக்கு ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்தாள்.

"நாளைக்குக் கேட்டைத் தெறக்க மாட்டேன். சாவி தொலைஞ்சிருச்சுன்னு சொல்லிடறேன்."

"வேலை போயிரும், அக்கா."

"போனா ரெண்டு பேரும் உன் கொழுந்தன் வீட்டுக்குப் போவோம். டிவிக்கு அந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் நீ."

மதியம் ஷெட்டில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். புத்தகத்தை மடியில் வைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியாமல், வழக்கம் போல வாய்விட்டு வாசித்தேன். பெட்ரோல் இருக்கிறதா. இருக்கிறது. பிளக். பார்த்தாயிற்று. காற்று ஃபில்டர். தட்டி மாட்டியாயிற்று. கார்புரேட்டர். நாலாவது வரி முடிந்தது. வண்டிக்கு அடியில் வெறும் சிமெண்டுத் தரை. யாரும் போதும் என்று சொல்லவில்லை.

அப்போதுதான் அம்புக்குறியைப் பார்த்தேன். பக்கத்தைத் திருப்பினேன், வரவில்லை. வருஷக்கணக்கில் கிரீஸ் விரல் பட்டுப் பட்டு இரண்டு தாளும் ஒன்றாகிவிட்டிருந்தன. பிளக் இடைவெளி பார்க்கிற தகடுகளில் ஆக மெல்லியதை எடுத்து, நடுவில் விட்டு, கிழியாமல் அங்குலம் அங்குலமாகப் பிரித்தேன். உள்ளே எழுத்து புத்தம் புதிதாக இருந்தது. ஐந்து, பெட்ரோல் ஃபில்டர். ஆறு, குழாய் மடங்கியிருக்கிறதா. ஏழு: டேங்க் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கலாம். காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது. மூடியைத் திறந்தால் எஞ்சின் மறுபடி ஓடும்.

எழுந்து போய் மூடியைக் கையில் எடுத்தேன். பச்சை. பளபளப்பு. அந்த மூடி மேல் பிரஷ் தடம்கூடத் தெரியாமல் அடித்திருந்தேன், அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. விரலை வைத்துத் தடவினேன். துளை என்று ஒன்று இருந்த இடமே தெரியவில்லை.

ஒவ்வொரு தடவை நின்றபோதும் பெட்ரோல் இருக்கிறதா என்று நான் மூடியைத் திறந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் புஸ் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டிருக்கிறது. சூட்டில் வருகிற சத்தம் என்று நினைத்தேன். அரைமணி ஓய்வில் வண்டி தெம்பாகவில்லை. நான் மூடியைத் திறந்ததில் மூச்சு விட்டிருக்கிறது. மாமனாரை அழகாக்குகிறேன் என்று அவர் மூக்கைப் பொத்தியது என் பிரஷ்தான்.

வெட்கமாக இருந்தது. அது கொஞ்ச நேரம். அப்புறம் வந்தது கோபம், அதுவும் அவர் மேல். காலி தரையைப் பார்த்துச் சொன்னேன். "போதும் போதும்னு என் வாயை அடைச்சீங்களே. மறுபக்கம்னு அம்பு போட்டிருக்கான். ஒருநாள், ஒரே ஒருநாள், மிச்சத்தையும் படின்னு சொன்னீங்களா?" நன்றாகவே சத்தம் போட்டேன். அவர் இருந்தபோது அவரிடம் அப்படிப் பேசியதில்லை. பேசி முடித்ததும் தையல் பெட்டியிலிருந்து ஊசியை எடுத்து வந்தேன். பெயின்ட்டைச் சுரண்டினேன். தகரம் தெரிந்தது, நடுவில் கடுகளவு ஒரு பள்ளம். ஊசியை இறக்கினேன். மூடியின் அடிப்பக்கத்தில் வாயை வைத்து ஊதினேன். மேலே வைத்திருந்த விரலில் காற்றுப் பட்டது.

அன்றைக்கு ஓட்டிப் பார்க்கவில்லை. மைதானத்தில் பிள்ளைகள் இருந்தார்கள். பார்க்கவும் வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வண்டியை வெளியே எடுத்தேன். ஆணியில் அவர் சட்டையும் தொப்பியும் தொங்கின. தொடவில்லை. என் உடுப்பில், வெறுந்தலையோடு ஏறி உட்கார்ந்தேன். கேட்டுக்கு வெளியே கம்பெனி லாரி வந்து நின்றிருந்தது, மேலே மஞ்சள் மெஷின் ஒன்று கயிறு கட்டி. டிரைவர் இறங்கி வந்து கேட்டைத் தட்டினார்.

"மணி அடிக்காம தெறக்கக் கூடாது. ரூல்" என்றாள் கேட்டக்கா.

"போன வாரம் வந்தப்ப இப்படி ரூல் இல்லையே."

"இது இன்னிக்குக் காலையில வந்தது."

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று நான் வாரக்கணக்கில் யோசித்திருந்தேன். கோட்டைக் கடைசிவரை விட்டுவைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். சீட்டில் உட்கார்ந்ததும் அது பிடிக்கவில்லை. அவர் நிறுத்திய இடத்துக்கே ஓட்டிப் போனேன். பிளேடை இறக்கினேன். கோட்டின் மேலேயே முதல் வரிசையைப் போட்டேன். திரும்பி வரும்போது அது இல்லை. வெட்டின புல் வாசனை மட்டும் இருந்தது. இதை வேறு எவனோ மஞ்சள் மெஷினில் வந்து அழித்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

கேட்டக்கா கையைத் தூக்கிக் காட்டியபோது இருபது நிமிஷம் என்று புரிந்தது. சத்தம் மாறவில்லை. அவள் கையை இறக்காமல் நின்றுகொண்டே இருந்தாள், ஏதோ அவள்தான் எஞ்சினைத் தாங்கிப் பிடித்திருக்கிற மாதிரி. முப்பது. நாற்பது. ஒரு மணி நேரம் ஆனபோது மேலாளர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். பனிப்புல்லில் செருப்பு நனைய, வண்டியோடு கூடவே நடந்தார். கத்திப் பேச வேண்டியிருந்தது.

"என்னம்மா கோளாறு?"

"சின்னது, சார்."

"சரி, நாங்க பார்த்துட்டோம். போதும், நிறுத்திக்கங்க."

"போதாது, சார். இன்னும் பாதி இருக்கு."

"அதான் ஒத்துக்கிட்டோமே. அந்த அறை விஷயமும் இப்போதைக்கு..."

"முடிச்சுட்டு மேல வர்றேன். எழுதி வைங்க. என் பேர்ல எழுதுங்க."

அவர் இன்னும் நாலு எட்டு நடந்து பார்த்தார். நான் வேகத்தைக் குறைக்கவில்லை. திருப்பத்தில் வெட்டின புல் பறந்து அவர் கால்சட்டை முழுக்க ஒட்டியது, வேண்டுமென்றே இல்லை என்று சொன்னால் அது பொய். அவர் தட்டிக்கொண்டே கேட்டுப் பக்கம் போனார். லாரி டிரைவரிடம் ஏதோ சொன்னார். டிரைவர் கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று ஒருதடவை இழுத்துப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார்.

கடைசி வரிசை முடிந்தபோது மணி அடிக்க இரண்டு நிமிஷம்தான் இருந்தது. பிளேடு லீவரை விடுவித்தேன். கை சாவிக்குப் போனது. அங்கேயே நின்றது. மைதானம் ஒரே உயரமாக, ஒரே பச்சையாகக் கிடந்தது. பிள்ளைகள் கேட்டுக்கு வெளியே சேர ஆரம்பித்திருந்தார்கள்.

பிளேடை மறுபடி சுழலவிட்டேன். மாடி ஜன்னலுக்கு நேர் கீழே, ஏற்கனவே வெட்டிய புல்லின் மேல், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, எவரும் கேட்காத ஒரு வரிசையை ஓட்டினேன். பாதி வழியில் மணி அடித்தது. நிறுத்தவில்லை.